சீட் கிடைச்சாச்சு, அடுத்து என்ன?

(பிளஸ் 2 முடிக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)



இதை நீங்கள் பெரும்பாலும் செல்போன் திரையில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். இன்றைக்கு விற்கும் போன்களில் பலவற்றின் பெட்டியில் 'மேட் இன் இந்தியா' என்று அச்சிட்டிருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் நம் ஊர்ப் பெண்கள் ஷிஃப்ட் முறையில் உட்கார்ந்து கோத்துக் கொடுத்த போனாகவும் அது இருக்கலாம். மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் 2023-24-ம் ஆண்டில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். சுமார் 956 கோடி டாலர். பெருமையான விஷயம், சந்தேகமே இல்லை.

இப்போ அடுத்த கேள்வி. அந்தப் போனுக்குள் இருக்கிற சிப் யாருடையது? அதை வடிவமைத்த வேலையில் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிற நம் பொறியாளர்கள் பலர் பங்கெடுத்திருப்பார்கள். ஆனால் காப்புரிமை பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ஒரு பொருளைக் கோக்கிறவருக்குக் கூலி கிடைக்கும். அதைக் கண்டுபிடித்தவருக்குத்தான் அந்தப் பொருள் விற்கும் காலம் முழுக்க வருமானம். ஒரு நாடு மற்ற நாடுகளோடு போட்டி போட முடியுமா என்று பெரிய பெரிய அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அதன் சாரம் இவ்வளவுதான்.

சரி, இதுக்கும் நம்ம வீட்டுப் பிள்ளை கவுன்சலிங்கில் எந்தக் காலேஜ், எந்தப் பாடம் என்று டிக் அடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? நேரடியான சம்பந்தம் இருக்கிறது. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

முதல் படி: கதவு திறந்தது

தமிழ்நாட்டில் 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. இருபது வருஷத்துக்கும் மேல் அது இருந்தது. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கும், முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் நடுவில் அந்தத் தேர்வு ஒரு சுவர் மாதிரி நின்றது. 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது நீக்கப்பட்டது. அதன் பிறகு பொறியியல் சேர்க்கைக்குப் பிளஸ் 2 மதிப்பெண்தான் கணக்கு. கணக்குப் பாடத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. இந்தக் கட்-ஆஃப் கணக்கு இன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் அத்துப்படி.

அடுத்தடுத்து வேறு கதவுகளும் திறந்தன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ் வழியில் தொடங்கியது. 2021-ல், 6-ம் வகுப்பிலிருந்து 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. அப்படிச் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. பஸ் செலவுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை என்பது சின்ன விஷயம் இல்லீங்க. ஒரு பெண் படிப்பைத் தொடர்வதா வேண்டாமா என்று சில வீடுகளில் முடிவாவதே அந்தப் பணத்தை வைத்துத்தான்.

பலன் என்ன? உயர்கல்வி வயதில் இருக்கிற 100 பேரில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று ஒன்றிய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. 2021-22 கணக்குப்படி நாட்டின் சராசரி 28.4. தமிழ்நாடு 47. கிட்டத்தட்டப் பாதிப் பேர்.

இந்தக் கதவுகள் இவ்வளவு அகலமாகத் திறப்பதற்கு முன்பே, இடுக்கு வழியாக நுழைந்து வந்தவர்களையும் நமக்குத் தெரியும். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன், கன்னியாகுமரி மாவட்டத்தின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். முதலில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, அதன் பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, அப்புறம் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. என்று ஒவ்வொரு படியாக ஏறியவர்.

இந்த மூன்று பேரையும் மேடைகளில் நிறையப் பேர் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். இவர்கள் யாரும் முதல் சீட்டோடு நின்றுவிடவில்லை. மூவருமே அதற்கு மேலும் படித்தார்கள். அந்தக் 'மேலும்' என்ற இடத்தில்தான் நாடாக நாம் இன்னும் பின்தங்கி இருக்கிறோம்.

இரண்டாவது படி: கூட்டம் எங்கே குறைகிறது?

அதே 2021-22 கணக்கெடுப்பில் நாடு முழுக்க உயர்கல்வியில் இருந்தவர்கள் 4.33 கோடிப் பேர். அதில் பிஎச்.டி. படித்தவர்கள் 2.12 லட்சம். அதாவது 200 பேர் கல்லூரிக்குள் போனால், ஒருவர்தான் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறார். இந்தியாவில் பத்து லட்சம் பேருக்குச் சுமார் 260 ஆராய்ச்சியாளர்கள். தென் கொரியாவில் இந்த எண்ணிக்கை பல ஆயிரம்.

பணமும் அப்படித்தான். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்குச் செலவாவது 2020-21 கணக்குப்படி 0.64 சதவீதம். சீனா 2 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. தென் கொரியா 4 சதவீதத்துக்கு மேல். அந்த நாடுகளில் தனியார் நிறுவனங்களே பெரும் பங்கைப் போடுகின்றன. நம் நாட்டில் பாரம் பெரும்பாலும் அரசுத் துறையின் தோளில்தான்.

நிலைமை மாறவே இல்லையா என்றால், மாறிக்கொண்டிருக்கிறது. உலகப் புத்தாக்கக் குறியீட்டில் 2015-ல் 81-வது இடத்தில் இருந்த இந்தியா, 2024-ல் 39-வது இடத்துக்கு வந்தது. 2023-ல் ஆராய்ச்சிக்கென்றே தனி தேசிய அறக்கட்டளை அமைக்கச் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது அதன் இலக்கு. சிப் வடிவமைப்பில் 85,000 பொறியாளர்களைத் தயார்படுத்த 2022-ல் ஒரு திட்டம் தொடங்கியது. சிப் வடிவமைப்புக்கென்றே தனி பி.டெக். பாடத்திட்டத்தை 2023-ல் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்டது.

பணம் ஒதுக்கலாம், சட்டம் போடலாம். ஆனால் ஆய்வுக் கூடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒரு அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளை எந்த அரசாணையும் உருவாக்க முடியாது. அவர் இப்போது ஏதோ ஒரு வீட்டில் பிளஸ் 2 படித்துக்கொண்டிருக்கிறார்.

கம்ப்யூட்டர் மட்டும் போதுமா?

சில ஆண்டுகளாகக் கவுன்சலிங்கில் முதலில் நிரம்புவது கம்ப்யூட்டர் சார்ந்த பாடங்கள்தான். பெற்றோரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எதிர் வீட்டுப் பையன் ஐ.டி. வேலையில் சேர்ந்து, வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டான் என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். மெட்டலர்ஜி படித்தவர் என்ன வேலை செய்கிறார் என்று நமக்குத் தெரியாது. தெரியாத பாதையில் பிள்ளையை அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது.

அதனால் இரண்டு உதாரணங்களை மட்டும் பாருங்க. இரண்டும் சென்னையில் நடந்தவை.

சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பெயரில் நம் நாட்டுக்கான ப்ராசசரை உருவாக்கி வருகிறார்கள். அந்த வரிசையில் விண்வெளிப் பயன்பாட்டுக்காக இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' என்ற சிப் 2025 பிப்ரவரியில் வெற்றிகரமாக இயங்கியது. சிப் தயாரானது சண்டிகரில், பேக்கேஜிங் கர்நாடகாவில், அது உட்காரும் போர்டு குஜராத்தில், கடைசியில் எல்லாவற்றையும் கோத்தது சென்னையில். அதற்குள் கம்ப்யூட்டர் படித்தவர் மட்டுமா இருக்கிறார்? சிலிக்கான் தட்டில் படலம் படிய வைக்க வேதியியல் தெரிந்தவர் வேணும். சூட்டை வெளியேற்ற மெக்கானிக்கல் தெரிந்தவர் வேணும். எலக்ட்ரான் எப்படி நகர்கிறது என்று சொல்ல இயற்பியல் தெரிந்தவர் வேணும்.

இன்னொன்று அக்னிகுல் நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2017-ல் முளைத்தது. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சோதனை ராக்கெட் ஒன்றை ஏவியது. அதன் இன்ஜின் முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது. எரிபொருள் எப்படி எரிகிறது, எந்த உலோகம் அந்த வெப்பத்தைத் தாங்கும் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் கல்லூரியில் இருந்ததால்தான் அப்படியொரு நிறுவனம் பிறக்க முடிந்தது.

கம்ப்யூட்டர் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு அதில்தான் ஆர்வம் என்றால் தாராளமாகப் படிக்கட்டும். ஊரே எழுதுகிறது என்பதற்காக மட்டும் எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஊரே ஒரே பாடத்தைப் படித்தால், அந்த ஊரில் சிப்பும் பிறக்காது, இன்ஜினும் பிறக்காது.

வீட்டு நிலைமைக்கு ஒத்து வருமா?

ரொம்ப நியாயமான கேள்வி. கடன் இருக்கிற வீடு, தங்கை கல்யாணத்துக்கு நிற்கிற வீடு. அங்கே போய் 'நீ ஆராய்ச்சி பண்ணு' என்று சொன்னால், 'யார் சோறு போடுவது?' என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் கணக்கோடு பேசுவோம்.

பிளஸ் 2-வில் தங்கள் தேர்வு வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி. சேர்கிறவர்கள் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 60,000 மாணவருக்கு, 20,000 கோடை விடுமுறை ஆய்வுப் பயிற்சிக்கு. பொறியியல் மாணவர்களுக்கு இது கிடையாது. 'நல்ல மார்க் எடுத்துட்டு பி.எஸ்சி.யா?' என்று யாராவது இழுத்தால், இந்தத் தொகையைச் சொல்லுங்க.

பொறியியலோ டிப்ளமோவோ சேரும் பெண் பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் 'பிரகதி' உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம்.

பி.இ. முடித்து, கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். அறிவியலில் நெட் தேர்வெழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதற்குப் பிறகு 42,000. இதற்கு மேல் விதிப்படி வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஆராய்ச்சி என்றால் சம்பாத்தியமே இல்லாமல் அஞ்சு வருஷம் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

மார்க் குறைவாக வந்துவிட்டதா? பாலிடெக்னிக் முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டுமா? சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பை ஆன்லைனில் படிக்கலாம். ஜே.இ.இ. எழுதத் தேவையில்லை, அவர்கள் வைக்கும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. தேர்வை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும்.

கல்லூரியை எடை போடுவது எப்படி?

பஸ் எத்தனை, கட்டடம் எத்தனை மாடி என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மூன்று விஷயங்களைப் பாருங்க.

ஒன்று, என்.பி.ஏ. அங்கீகாரம். இது கல்லூரிக்கு மொத்தமாகத் தரப்படுவது இல்லை, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாக ஆரம்பித்த பாடத்துக்கு இருக்காது. விளம்பரத்தில் 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று பெரிதாகப் போட்டிருந்தால், 'எந்தப் பாடத்துக்கு? எந்த வருஷம் வரைக்கும்?' என்று கேளுங்க. வாரியத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். 2014-ல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதனால் 'டயர்-1' பிரிவில் அங்கீகாரம் பெற்ற பாடங்களுக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு. மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

இரண்டு, ஆசிரியர்கள். அந்தத் துறையில் பிஎச்.டி. முடித்தவர்கள் எத்தனை பேர், ஆய்வுத் திட்டம் ஏதாவது நடக்கிறதா என்று கல்லூரியின் இணையதளத்தில் பாருங்க. அங்கே இல்லையென்றால் நேரில் கேளுங்க.

மூன்று, ஆய்வகம். மாணவர்கள் கையால் கருவியைத் தொட்டுப் பழக விடுகிறார்களா, இல்லை பூட்டி வைத்து அழகு பார்க்கிறார்களா? இதை முதல்வர் அறையில் கேட்பதைவிட, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் வாசலில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

சேர்ந்த பிறகும் வேலை முடிந்துவிடாது. நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் தருகிறார்கள். பெயருக்குச் சேர்ந்து சான்றிதழ் மட்டும் வாங்கினால் போதாது. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். காசு கொடுத்து வெளியே வாங்கிக் கொடுத்துவிட்டால், நான்கு வருஷத்தில் சொந்தமாக யோசிக்கக் கிடைத்த வாய்ப்பை விற்றுவிட்டதாகவே அர்த்தம். அதையே உருப்படியாகச் செய்தால், நாளைக்கு ஆய்வுக் கூடத்தின் கதவைத் தட்டும்போது கையில் காட்ட ஒன்று இருக்கும்.

இந்த வாரமே முடிக்க வேண்டிய வேலை

ரிசல்ட் வந்த மறுநாள் இ-சேவை மையத்தில் வரிசை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், தகுதி இருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். எல்லாச் சான்றிதழிலும் பிள்ளையின் பெயர், இனிஷியல், அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள்.

உதவித்தொகை வர வேண்டிய வங்கிக் கணக்கு மாணவரின் பெயரிலேயே இருக்கட்டும். ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் சேர்த்து வையுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி இருந்தால், 6-ம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பள்ளியிலேயே வாங்கி வையுங்கள்.

வீட்டில் இணைய வசதி சரியில்லையா? விண்ணப்பிக்க உதவுவதற்கென்றே மாவட்டந்தோறும் பொறியியல் சேர்க்கைச் சேவை மையங்கள் செயல்படுகின்றன. அங்கே போனால் போதும். கவுன்சலிங் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். 'நாங்களே காலேஜ் போட்டுத் தருகிறோம்' என்று போன் வந்தால் உடனே கட் பண்ணிவிடுங்கள். விருப்பப் பட்டியலைப் பிள்ளைதான் உட்கார்ந்து போட வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், டி.வி.யை அணைத்துவிட்டுப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'உனக்கு எந்தப் பாடம் படிக்கும்போது நேரம் போறதே தெரியலை?' என்ன பதில் வந்தாலும் உடனே மறுத்துப் பேசாதீர்கள். உயிரியல் என்று வரலாம், கணக்கு என்று வரலாம், பைக் இன்ஜினைப் பிரித்துப் போடுவது என்றும் வரலாம். அந்தப் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு கட்-ஆஃப் பட்டியலைத் திறங்க.